மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு: கல்சியக் குளிசை யாருக்கு, எவ்வளவு, எதற்கு?

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய வீதியோரப் போராட்டத்தைப் பற்றி எழுதப் போகும் நாட்களில், செய்திக்குத் தொடர்பில்லாத ஒரு கேள்வியும் என்னிடம் வரும். சொப்பின் பைக்குள் இருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்துக் காட்டி, "பிள்ளை, இது எலும்புக்காம். போடவோ, விடவோ?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய அம்மாக்கள். நான் வைத்தியர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை வைத்தியரிடம் எப்படிக் கேட்பது, குளிசை அட்டையில் எதைப் பார்ப்பது, எந்த இடத்தில் காசு வீணாகிறது என்பவற்றை வாசித்தும் விசாரித்தும் ஓரளவு தொகுத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே தருகிறேன்.

மாதவிடாய் நின்றதும் என்ன நடக்கிறது?

எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பை அரித்து எடுக்கும் கலங்களும் புதிய எலும்பைக் கட்டும் கலங்களும் வாழ்நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கின்றன. அரிக்கும் கலங்களைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோன். பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. அதோடு இந்த ஓமோன் குறைந்துவிட, கட்டுவதை விட அரிப்பது கூடுகிறது. முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு மிக வேகமாகக் குறைகிறது. பிறகு வேகம் தணிந்தாலும் இழப்பு நிற்பதில்லை.

இதை வெளியில் இருந்து காண முடியாது. நோ இருக்காது, வீக்கம் இருக்காது. சாதாரணமாக வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறியும்போது, அல்லது முதுகு கூனி உயரம் குறையும்போதுதான் தெரியவரும். மிக மோசமானது இடுப்பு எலும்பு முறிவு. முதிய வயதில் இடுப்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓர் ஆண்டுக்குள் இறந்துபோவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. பிழைப்பவர்களிலும் பலர் பழையபடி தனியே நடப்பதில்லை. கணவனையோ பிள்ளையையோ இழந்து, கோழி வளர்த்தும் கூலிக்குப் போயும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு பெண் படுக்கையில் விழுந்தால் அந்த வீட்டின் அடுப்பும் அணைந்துவிடும்.

முழங்கால் நோவும் எலும்பு நலிவும் ஒன்றல்ல

"எலும்பு தேய்ஞ்சு போச்சு" என்று நாங்கள் பேச்சில் சொல்வது இரண்டு வேறு நோய்களைக் குறிக்கிறது. ஒன்று, மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்வது. முழங்கால் நோவதும், படி ஏறக் கஷ்டமாக இருப்பதும், காலையில் மூட்டு இறுகி இருப்பதும் இதனால்தான். மற்றது எலும்பின் அடர்த்தி குறைந்து உள்ளே துளைகள் பெருகும் ஒஸ்டியோபொரோசிஸ் என்ற எலும்பு நலிவு. கல்சியமும் விற்றமின் டியும் தொடர்புபடுவது இந்த இரண்டாவது நோயோடுதான். முழங்கால் நோவுக்காகக் கல்சியம் வாங்கிப் போட்டு, மாதக் கணக்கில் பார்த்தும் நோ குறையவில்லை என்று சொல்லும் பலரைச் சந்தித்திருக்கிறேன். அந்த நோவைக் குறைப்பது அந்தக் குளிசையின் வேலை அல்ல.

எங்கள் பெண்களுக்குக் கூடுதல் ஆபத்து ஏன்?

ஒருவரின் எலும்பு தன் உச்ச அடர்த்தியை அடைவது ஏறத்தாழ 30 வயதுக்குள். அதில் பெரும்பகுதி பதின்ம வயதில் சேர்கிறது. அந்தச் சேமிப்பில் இருந்துதான் பிறகு முழுவதும் செலவாகிறது. இன்று மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கும் வடக்குப் பெண்கள் யார்? 1970களின் நடுப்பகுதியிலும் பிற்பகுதியிலும் பிறந்தவர்கள். 1990களின் பொருளாதாரத் தடையும் 1995 இடப்பெயர்வும் அவர்களின் பதின்ம வயதோடும் இருபதுகளின் தொடக்கத்தோடும் சேர்ந்து வந்தன. பால்மா அருந்தலாக இருந்த, ஒரு நேரக் கஞ்சியோடு நாள் கழிந்த காலம் அது. 2009இல் வன்னியில் இருந்து முகாம்களுக்குப் போனபோது பலர் கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சேமிக்க வேண்டிய வயதில் சேமிக்க வழியில்லாமல் போனவர்கள் இப்போது செலவழிக்கும் வயதுக்கு வந்திருக்கிறார்கள்.

காயங்களும் சேர்ந்துகொள்கின்றன. கால் இழந்தவர்களுக்கு அந்தப் பக்கத்தில் எஞ்சிய எலும்பு சுமை தாங்காததால் அடர்த்தி குறைகிறது. பொய்க்காலோடு நடப்பவர் விழும் ஆபத்தும் அதிகம். முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குக் காயத்துக்குக் கீழே உள்ள எலும்புகள் வேகமாக நலிகின்றன. இவர்களுக்கு மாதவிடாய் நிற்பது இரண்டாவது அடி. 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், கருப்பையோடு சூலகங்களும் அகற்றப்பட்டவர்கள், முட்டு வருத்தத்துக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக் கணக்கில் பிரெட்னிசொலோன் போடுபவர்கள், மிகவும் மெலிந்தவர்கள், தாய்க்கோ தகப்பனுக்கோ இடுப்பு முறிந்தவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். இவற்றில் ஒன்று உங்களுக்கு இருந்தால், வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்ல வேண்டும்.

எவ்வளவு கல்சியம் தேவை?

அமெரிக்கப் பரிந்துரைப்படி 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். பிரித்தானியாவில் வயதுவந்த எல்லோருக்கும் 700 மில்லிகிராம் போதும் என்கிறார்கள். இரண்டு நாடுகளுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் இருப்பதே, இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்படத் தேவையில்லை என்று சொல்கிறது. விற்றமின் டிக்கு அமெரிக்க அளவு 70 வயது வரை 600 ஐ.யூ., அதற்கு மேல் 800 ஐ.யூ.; பிரித்தானிய அளவு 400 ஐ.யூ. இந்த எண்கள் எல்லாம் சாப்பாடும் குளிசையும் சேர்ந்த மொத்தம். சாப்பாட்டில் 600 மில்லிகிராம் கிடைக்கும் ஒருவருக்குக் குளிசையில் இன்னும் 1200 தேவையில்லை. 50 வயதுக்கு மேல் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் பரிந்துரை வைத்திருக்கும் மேல் எல்லை.

குசினியில் எவ்வளவு இருக்கிறது?

ஒரு தம்ளர் பாலில், அதாவது 200 மில்லிலீற்றரில், ஏறத்தாழ 240 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தயிரும் அதே கணக்குத்தான். ஆனால் பால்மா விலை 2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கே நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் மற்றவற்றைப் பார்ப்போம்.

100 கிராம் குரக்கன் மாவில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கல்சியம் இருக்கிறது. குரக்கனில் உள்ள வேறு சத்துகள் அதில் ஒரு பகுதியை உடம்பு எடுக்காமல் தடுக்கும். ஆனாலும் வெள்ளை மாப் புட்டை விட குரக்கன் புட்டு எலும்புக்கு நல்லது. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, நெத்தலிக் கருவாடு ஆகியவற்றில் கல்சியம் இருப்பது அந்த முள்ளில்தான். முள்ளை எடுத்துப் போட்டால் கல்சியமும் போய்விடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டை ஊறவைத்து உப்பைக் கழுவிச் சமைக்க வேண்டும். முருங்கை இலை நல்ல மூலம், வேலியிலேயே கிடைக்கும். தோல் நீக்காத எள்ளில் கல்சியம் மிக அதிகம். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே எள்ளுருண்டைக்குத் தோலோடு கூடிய எள்ளையே எடுங்கள். பசளி போன்ற சில கீரைகளில் கல்சியம் இருந்தாலும் ஒட்சலேற்று அதைப் பிடித்துக்கொள்வதால் உடம்புக்குச் சேர்வது கொஞ்சம்தான்.

"வெத்திலையோட சுண்ணாம்பு போடுறம்தானே, அது காணாதோ?" என்றும் கேட்டிருக்கிறார்கள். காணாது. சுண்ணாம்பைக் கல்சியக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதால் அந்தப் பழக்கத்தை விடுவதுதான் நல்லது.

வெயில் இருந்தும் விற்றமின் டி குறைவது எப்படி?

குடலில் இருந்து கல்சியத்தை இரத்தத்துக்கு ஏற்ற விற்றமின் டி வேண்டும். சாளை, சூடை போன்ற கொழுப்புள்ள மீனிலும் முட்டை மஞ்சட்கருவிலும் அது கொஞ்சம் இருக்கிறது. மிச்சத்தை வெயில் பட்ட தோல் தயாரிக்கிறது. எங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வெயில் நாடான தென்னாசியாவில் இந்தக் குறைபாடு பரவலாக இருக்கிறது. கருமையான தோலுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுவதும், உடலை மூடும் உடுப்பும், பகல் முழுக்க வீட்டுக்குள் அல்லது கொட்டகை நிழலில் இருப்பதும் காரணங்கள். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் இது உருவாகாது.

அதிகாலை வெயில்தான் எலும்புக்கு நல்லது என்ற நம்பிக்கையும் சரியல்ல. ஆறு, ஏழு மணி வெயிலில் இதற்குத் தேவையான புறஊதாக் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தை விடக் குட்டையாக இருக்கும் நேரமே பயன் தரும். கையும் முகமும் படும்படி கிழமையில் சில நாள் 20 நிமிடமளவு முற்றத்தில் ஏதாவது வேலை செய்தால் நல்லது. தலை சுற்றும் அளவுக்கு நிற்க வேண்டாம்.

குளிசை உண்மையில் முறிவைத் தடுக்கிறதா?

விளம்பரங்கள் சொல்லாத பகுதி இது. 1992இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், முதியோர் இல்லங்களில் இருந்த 3270 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கல்சியமும் 800 ஐ.யூ. விற்றமின் டியும் எடுத்தவர்களிடம் 18 மாதத்தில் இடுப்பு முறிவு 43 வீதம் குறைந்தது. அவர்கள் மிகவும் வயதானவர்கள், வெயில் படாதவர்கள், விற்றமின் டி குறைந்தவர்கள்.

2006இல் வெளியான அமெரிக்கப் பெண்கள் ஆய்வில் 36,282 பேர் சேர்ந்தார்கள். 1000 மில்லிகிராம் கல்சியமும் 400 ஐ.யூ. விற்றமின் டியும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கொடுத்ததில் இடுப்பு எலும்பின் அடர்த்தி 1 வீதம் கூடியது. ஆனால் முறிவு தெளிவாகக் குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 வீதம் கூடியது. 2022இல் வெளியான வைற்றல் ஆய்வில் 25,871 பேரிடம் நாளுக்கு 2000 ஐ.யூ. விற்றமின் டி சோதிக்கப்பட்டது. பொதுவாக ஆரோக்கியமாக இருந்த அவர்களிடமும் முறிவு குறையவில்லை. 2018இல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, வீட்டில் சுகமாக வாழும், எலும்பு நலிவோ குறைபாடோ இல்லாத பெண்கள் முறிவைத் தடுப்பதற்கென்று 1000 மில்லிகிராம் வரை கல்சியமும் 400 ஐ.யூ. வரை விற்றமின் டியும் நாளாந்தம் எடுக்க வேண்டாம் என்றது.

இவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது ஒரு படம் கிடைக்கிறது. உடம்பில் குறைபாடு உள்ளவருக்குக் குளிசை உதவும். போதியளவு உள்ளவருக்கு மேலும் ஊற்றுவதால் பயன் இல்லை. எங்கள் வாசகர்களில் பலர் முதல் வகையில் வரக்கூடும். மெலிந்தவர்கள், பால் மீன் குறைவாகச் சாப்பிடுபவர்கள், வீட்டை விட்டு வெளியே வராதவர்கள், 70 வயதைத் தாண்டியவர்கள், எலும்பு நலிவு மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் குளிசை பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும்.

அட்டையில் எதைப் பார்ப்பது?

பெரிய எழுத்தில் உள்ள எண் பெரும்பாலும் உப்பின் எடை. அதற்குள் உள்ள கல்சியத்தின் எடை வேறு. கல்சியம் காபனேற்றில் 40 வீதம் கல்சியம். 1250 மில்லிகிராம் குளிசையில் 500 மில்லிகிராம் கிடைக்கும். சித்திரேற்றில் 21 வீதம். லக்டேற்றில் 13 வீதம் மட்டுமே. அரச கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு வந்த 300 மில்லிகிராம் கல்சியம் லக்டேற்றுக் குளிசை ஒன்றில் உள்ள கல்சியம் ஏறத்தாழ 39 மில்லிகிராம். அது இரண்டு வாய் தேத்தண்ணீரில் கலக்கும் பாலுக்குச் சமம். மகளுக்குக் கிளினிக்கில் கிடைத்த குளிசையில் ஒன்றைத் தாயும் போட்டுக்கொண்டு "கல்சியம் எடுக்கிறன்" என்று நம்புவதில் பயன் இல்லை. மகளுக்கு உரியதும் குறையும்.

எப்படிப் போடுவது?

காபனேற்றைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் அது நன்றாகக் கரையாது. சித்திரேற்றை எப்போதும் போடலாம். நெஞ்செரிவுக்கு ஒமிபிரசோல் தொடர்ந்து எடுப்பவர்களுக்குச் சித்திரேற்றுப் பொருத்தம். ஒரு நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் உடம்பு முழுவதையும் ஏற்காது, இரண்டாகப் பிரியுங்கள். மலச்சிக்கல் வந்தால் தண்ணீர் கூடக் குடியுங்கள், தீராவிட்டால் வகையை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

தைரொக்சின் எடுப்பவர்கள் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையையும் சிப்ரோபுளொக்சசின், டெற்றாசைக்கிளின் போன்ற கிருமிக்கொல்லிகளையும் கல்சியத்தோடு ஒன்றாகப் போடக் கூடாது. கிழமைக்கு ஒருமுறை அலண்ட்ரோனேற்று எடுப்பவர்கள் அதை விடியற்காலை வெறும் வயிற்றில், ஒரு கோப்பை வெறும் தண்ணீரோடு விழுங்கி, 30 நிமிடம் படுக்காமல் இருக்க வேண்டும். அன்று கல்சியத்தைப் பிறகு சாப்பாட்டோடு போடலாம்.

யார் தாங்களாகவே வாங்கிப் போடக் கூடாது?

முதலில் சிறுநீரக நோயாளிகள். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் நாட்பட்ட சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைத் தொட்டிருக்கிறது என்பதை அங்குள்ளவர்கள் அறிவார்கள். அவர்களுக்குக் கல்சியமும் விற்றமின் டியும் வைத்தியரின் கணக்குப்படிதான். சிறுநீரகக் கல் வந்தவர்களும், பிரஷருக்குத் தயசைட் வகை நீர்க்குளிசை எடுப்பவர்களும் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கல் வரும் என்று பயந்து பாலையும் நெத்தலியையும் நிறுத்தத் தேவையில்லை; சாப்பாட்டில் வரும் கல்சியம் அந்த ஆபத்தைக் கூட்டுவதில்லை.

ஆண்டுக்கு ஒரு தடவை பெரிய அளவில் விற்றமின் டி எடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கவனம். 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 70 வயதைத் தாண்டிய 2256 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 இலட்சம் ஐ.யூ. கொடுத்தார்கள். கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களை விடக் கூடுதலாக விழுந்தார்கள், கூடுதலாக எலும்பும் முறிந்தது. சிறிய அளவு, நாளாந்தம் என்பதே பாதுகாப்பான வழி.

பரிசோதனையும் மருந்தும்

எலும்பின் அடர்த்தியை அளப்பது டெக்ஸா ஸ்கான். அதன் முடிவில் வரும் ரீ-ஸ்கோர் மறை 2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் எலும்பு நலிவு. மறை 1க்கும் மறை 2.5க்கும் இடையில் என்றால் அடர்த்தி குறையத் தொடங்கியிருக்கிறது. இந்த ஸ்கான் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. ஸ்கான் இல்லாமலும், வயது, எடை, பழைய முறிவு போன்ற விபரங்களை வைத்து அடுத்த பத்து ஆண்டு ஆபத்தைக் கணிக்கும் பிராக்ஸ் என்ற கணிப்பு முறையை வைத்தியர்கள் பயன்படுத்தலாம். அதில் இலங்கைக்கென்று தனிக் கணக்கு உண்டு.

நலிவு உறுதியானால் கல்சியம் மட்டும் போதாது. அலண்ட்ரோனேற்று, ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சொலிட்ரோனிக் அமிலம் போன்றவைதான் முறிவைத் தடுக்கும் மருந்துகள். கல்சியமும் விற்றமின் டியும் அவற்றுக்குத் துணை. 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்கள் ஓமோன் சிகிச்சை பற்றியும் கேட்கலாம்.

விழாமல் இருப்பது

பெரும்பாலான இடுப்பு முறிவுகள் விழுவதால் வருகின்றன. கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுவது, மலசலகூடத்துக்குப் போகும் வழியில் இரவு விளக்கு, பிடித்து எழும்ப ஒரு கம்பி, தேய்ந்த செருப்பை மாற்றுவது, கண்புரையை வெட்டுவது ஆகியவற்றுக்குச் செலவு அதிகமில்லை. நித்திரைக் குளிசை போடுபவர்கள் இரவில் எழும்பும்போது விழுவது அதிகம். நினைவுகளால் நித்திரை வராத எங்கள் அம்மாக்களில் பலர் அதில்தான் இருக்கிறார்கள். அதைக் குறைக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள், தாங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். நாளுக்கு 30 நிமிடம் நடப்பதும், கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து இருப்பதும் தொடைத் தசையைப் பலப்படுத்தும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மாதவிடாய் எந்த வயதில் நின்றது, 50 வயதுக்குப் பிறகு எங்காவது முறிந்ததா, உயரம் குறைந்திருக்கிறதா, போரில் பட்ட காயம் என்ன என்ற நான்கையும் சொல்லுங்கள். பிறகு, "எனக்குக் கல்சியம் தேவையா, தேவையென்றால் எந்த வகை, எவ்வளவு காலம்?" என்று கேளுங்கள். 50 வயதுக்குப் பிறகு நின்ற நிலையில் இருந்து விழுந்து கை முறிந்திருந்தால், கட்டுப் போட்டதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அடுத்து முறியக்கூடியது இடுப்பாக இருக்கலாம். அதற்கு முன் எலும்பைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.